ஓடைப் பாதையில் எதிரே வந்தவருக்கு

அண்ணை,

இன்று காலை கம்பளிச் சட்டையை உதறியபோது கை மடிப்புக்குள்ளிருந்து வெள்ளைப் பஞ்சு ஒன்று எழும்பி, குசினியை ஒருமுறை சுற்றிவிட்டு யன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஓடைக்கரைப் புல்வெளியில் காய் வெடித்துப் பறக்கிற பஞ்சு அது. அந்தச் செடியை முதன்முதல் கண்ட நாள் நீங்கள் சைக்கிளைப் புல்லில் சரித்துவிட்டு, இலையைக் கிள்ளி, வடிந்த பாலை எனக்குக் காட்டினீர்கள். "பாரும் சம்மந்தி, எங்கட எருக்கலையின்ர தம்பி. எங்களுக்கு முந்தியே இஞ்ச வந்து குடியேறியிருக்கிறான்."

எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். உங்கள் மகனைக் கட்டியிருந்த அதே மகள்தான்.

அவர்கள் இரண்டு பேருக்கும் கலியாணம் முடிந்த கோடையில்தான் நாம் சைக்கிள் ஓடத் தொடங்கினோம். இந்தக் குளிர் நாட்டு ஊரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். காரோட்டத் தெரியாத இரண்டு கிழவர்கள் மட்டும் மிச்சம். நீங்கள் யாரோ கராஜில் வைத்து விற்ற இரண்டு சைக்கிள்களை வாங்கி வந்து, ஒன்றை என் வாசலில் சாத்திவிட்டு மணி அடித்தீர்கள்.

அந்தப் பாதை புல்வெளியில் தொடங்கி, மேப்பிள் காட்டுக்குள் நுழைந்து, ஓடையை ஒட்டியே வளைந்து, மரப்பாலத்தைக் கடந்து, திரும்பவும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். புல்வெளியில் தோளில் சிவப்புப் பொட்டு வைத்த கறுப்புக் குருவிகள் கூட்டுக்குக் காவல் நின்று எங்கள் தலையில் கொத்த வரும். காட்டுக்குள் போனதும் குளிர்ந்துவிடும். நீங்கள் உடனே கதைப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

ஊரில் பழகிய பழக்கத்தில் நாம் இரண்டு பேரும் இடப்பக்கமாகவே ஓடினோம். எதிரே வருகிறவர்கள் பிரெஞ்சில் கத்துவார்கள்.

"என்னவாம் சம்மந்தி?"

"பிழையான பக்கம் வாறமாம், அண்ணை."

"நீரும் பிழை, நானும் பிழை. எங்களுக்குள்ள மோதாது. நீர் மிதியும்."

பிறகு பிள்ளைகளின் வாழ்க்கை முறிந்தது. யாரில் பிழை என்று உங்கள் வீட்டில் ஒரு கதை, எங்கள் வீட்டில் ஒரு கதை. பேரப்பிள்ளை என்று ஒன்றிருந்திருந்தால் அதைச் சாட்டியாவது வந்துபோயிருக்கலாம். அதுவும் இல்லை. இனி அவர்களோடு போக்குவரத்து வேண்டாம் என்று இரண்டு வீட்டிலும் ஒரேமாதிரிச் சொன்னார்கள். கோயிலில் உங்கள் வீட்டு அம்மா ஒரு தூணுக்கு அந்தப் பக்கம், என் மனைவி இந்தப் பக்கம்.

அந்த வருடம் பனி கரைந்ததும் நான் தனியே ஓடினேன். பாலத்தடியில் எதிர்ப்பக்கமாக நீங்கள் வந்தீர்கள். இறங்கி, சைக்கிளைப் பாலத்துக் கைப்பிடிக் கட்டையில் சாத்தினீர்கள்.

"இனி உம்மை என்னெண்டு கூப்பிடுறது?"

"பேர் இருக்குத்தானே, அண்ணை."

"இவ்வளவு காலம் முறை சொல்லிக் கூப்பிட்டுப்போட்டு இனிப் பேர் சொல்லுறதோ? வேண்டாம். மணியை அடிக்கிறன், திரும்பிப் பாரும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் அப்படித்தான். நீங்கள் காட்டுப் பக்கத்தால் தொடங்குவீர்கள், நான் புல்வெளிப் பக்கத்தால். பாலத்தில் சந்தித்து, உங்கள் பிளாஸ்க்கில் இருந்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் போவோம். "சேர்ந்து போனாத்தானே குற்றம். எதிர்ப்பட்டா ஆர் என்ன செய்யிறது?" என்பீர்கள். பிள்ளைகளைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாரியில் பனி விழுந்து பாதை மூடிவிடும். அந்த மாதங்களில் உங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க எனக்கு வழியில்லை. கடைசி மாரி முடிந்து பாதை திறந்ததும் நாள்தோறும் போனேன். பாலத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் என்று கோயிலில் யாரோ யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. வந்து பார்க்க எந்த முகத்தோடு வருவது? போவோமா விடுவோமா என்று நான் மனதுக்குள் இழுபட்டுக்கொண்டிருக்கும்போதே நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களைக் கிடத்தியிருந்த மண்டபத்துக்கு பஸ்ஸில் வந்தேன். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது நானும் அரிசியை அள்ளிக்கொண்டு வரிசையில் நின்றேன். ஒழுங்கு பார்த்துக்கொண்டிருந்தவர் அருகில் வந்து, "ஐயா, நீங்கள் அவருக்கு என்ன முறை?" என்று தணிந்த குரலில் கேட்டார். சம்மந்தி என்றால் பொய். சிநேகிதன் என்றால் அது காணாது. அரிசிக் கையை மூடிக்கொண்டேன். "அப்ப சொந்தக்காரர் முதல்லை போடட்டும், ஒருக்கா அங்கால நில்லுங்கோ" என்றார். உங்கள் மகன் தலைமாட்டில் நின்றார். என்னைக் கண்டார், பார்வையை இறக்கிக்கொண்டார். அவரிலும் பிழை சொல்லமாட்டேன். நான் அங்கால நிற்கும்போதே பெட்டியை மூடிவிட்டார்கள்.

வீட்டுக் கதவைத் திறந்த மகள், "கைக்குள்ள என்னப்பா?" என்றாள். விரித்துக் காட்டினேன். வியர்வையில் அரிசி உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது.

"மாமாவுக்குப் போடேல்லையோ?"

பிரிந்த நாளிலிருந்து அவள் வாயில் வராத சொல் அது.

அரிசியைக் கடதாசியில் மடித்து வைத்தாள். அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் என்னோடு பாலத்துக்கு வந்தாள். மடிப்பை விரித்து என் கையில் கொட்டி, பாதியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் போட்டோம். அரிசி மிதக்கவில்லை, உடனே அடியில் தாண்டுபோனது. அவள் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உங்களுக்காக அழுதாளா, தனக்காக அழுதாளா என்று அன்றும் நான் கேட்கவில்லை, இதை எழுதும்போதும் கேட்கவில்லை.

இப்போதும் ஓடுகிறேன், அண்ணை. முழங்கால் இடங்கொடுக்கிற நாட்களில் மட்டும். தூரத்தில் ஒரு சைக்கிள் எதிரே வந்தால் மிதிப்பதை நிறுத்திவிடுகிறேன். சில்லு தன்பாட்டில் உருளும். ஆளின் முகம் தெரிந்த பிறகுதான் திரும்ப மிதிக்கிறேன்.