முதலில் நின்ற வண்டி

என் உயிருக்கு உயிரான அண்ணே,

நேற்று மத்தியானம் நம் மலையில் மறுபடியும் புகை. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. சமயநல்லூர் ரைஸ்மில்லில் இருந்து டவுனுக்குப் போன் போட்டாயிற்று, தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். நீ ஓட்டிய அதே வண்டிதான், டிரைவர் மட்டும் வேறு ஆள்.

போன வருஷம் மாசியில் நீ லீவில் வந்து வீடு வீடாக ஏறி இறங்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? "மலையில தீப்பிடிச்சா வண்டி கட்டிக்கிட்டு வராதீக. பாதைய விட்டுத் தள்ளி நில்லுங்க, அம்புட்டு ஒத்தாசை போதும்" என்றாய். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் நம் ஊரில் தீக்குப் போகாமல் இருப்பது துக்க வீட்டுக்குப் போகாத மாதிரி. காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

தலையாட்டியவர்களே பங்குனியில் குடமும் தண்ணியுமாக வண்டி கட்டி வந்து பாதையை அடைத்தார்கள். நீ மணியடித்துப் பார்த்தாய், மாடுகள் மிரண்டதுதான் மிச்சம். மேலே விறகு பொறுக்கப் போன இரண்டு பெண்கள் மாட்டியிருந்தார்கள். வண்டியை விட்டுவிட்டு நடந்தே ஏறினாய். அவர்கள் இறங்கி வந்தார்கள், நீ வரவில்லை.

முதலில் நின்றது யார் வண்டி என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தேன். "யாரோ வெளியூர் வண்டி, தாயி" என்றார்கள். என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். உன் பாடைக்குத் தோள் கொடுத்த உன் மாப்பிள்ளைதான்.

நேற்றும் அவர் மாட்டைப் பூட்டினார். "எங்க போறீக?" என்று மறித்தேன்.

"போகாட்டி ஊரு என்ன பேசும்? போன வருசம் மச்சான் வாராருன்னதும், மாப்ள தலையக் காட்டலன்னு யாரும் சொல்லிறக் கூடாதுன்னு மொத ஆளா நின்னவன் நான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நுகத்தடியைப் பிடித்தபடி குனிந்துகொண்டார்.

ஊருக்கே தெரிந்திருக்கிறது அண்ணே. என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தவர்களுக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. உன் மேல் வைத்த மரியாதைக்காக உன் வழியை மறித்தாராம். இதற்கு நான் அழுவதா, அவரை அடிப்பதா?

சக்கரம் கழலாமல் பிடித்திருக்கும் கடையாணியை உருவி எடுத்தேன். அதோடு போய் பாதை முனையில் வேலியோரமாக நின்றேன். பூட்டிக்கொண்டு வந்தவர்கள் என் கையையும் முகத்தையும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு நேரே மலையடிவாரத்துக்குப் போனது. ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தைத்தான் உனக்கு நாங்கள் தரவில்லை.

கடையாணி என் மடியில் இருக்கிறது. அவருக்குச் சோறு போடுகிறேன், பேசுவதில்லை. மன்னிப்பேன் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் மலையில் இனி எப்போது புகை தெரிந்தாலும் உன் பாதை காலியாக இருக்கும். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி,
பேச்சியம்மா