ஹாலிஸ் சாலை இளைஞர் மையத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தது குறித்து

அனுப்புநர்:
ஒடிஷோ கோஷாபா, எம்.எஸ்சி., நீரியல் பொறியியல், மோசுல்
17, ஹாலிஸ் சாலை,
பெரின்டா, மேற்கு சிட்னி.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
பெரின்டா நகர சபை.

பொருள்: ஹாலிஸ் சாலை இளைஞர் மையத்தை மூடிய உத்தரவை ரத்து செய்யவும், மே 23ஆம் தேதிக் கூட்டத்தில் அதன் குத்தகையைப் புதுப்பிக்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் பாதுகாப்பு ஆய்வாளரின் மார்ச் 30ஆம் தேதி அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் பெயர் தங்கள் அலுவலகத்துக்குப் புதிதல்ல. எங்கள் தெருவின் மழைநீர்க் கால்வாய் தவறான சரிவில் கட்டப்பட்டிருக்கிறது என்று தொடர்ந்து எழுதி வருபவன் நான். அதே வடிகால் பிரிவில் வேலைக்கு விண்ணப்பித்து, நேர்காணலுக்குக்கூட அழைக்கப்படாதவனும் நான்தான். மோசுல் பல்கலைக்கழகத்தில் அணைகளைப் பற்றிப் பாடம் நடத்தியவன், இங்கே இறைச்சிக் குளிர்கிடங்கில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறேன். இதில் எதையும் நான் மறக்கவில்லை, மறக்கும் உத்தேசமும் இல்லை. ஆனால் இந்த மனு வேறு விஷயம் பற்றியது. கால்வாய் மனு தனியே நிலுவையில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கோப்பை மூடிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2. ஆய்வாளரின் அறிக்கை இவ்வாறு சொல்கிறது: ஏறத்தாழ முப்பது இளைஞர்கள் தரையில் அமர்ந்து அதிகாரியின் வழியை மறித்தனர். எழ மறுத்தனர். கேள்விகளுக்குப் பதில் தரவில்லை. அதிகாரியின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தனர். மையப் பொறுப்பாளர் நிபந்தனை விதித்தார். வயதான ஆண் ஒருவர் திடீரென எழுந்து நின்றார். அதிகாரி தம் பாதுகாப்புக் குறித்து அஞ்சினார். ஐயா, அந்த வயதான ஆண் நான்தான். எனக்கு ஐம்பத்து மூன்று வயதுதான் என்பதைத் தவிர, இந்த வாக்கியங்களில் அவர் கண்ணால் காணாத எதுவும் இல்லை. ஆனாலும் அறிக்கை முழுவதும் தவறு. அதை விளக்க, நான் முதன்முறை அந்த மையத்துக்குள் நுழைந்த மாலையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

3. என் மகள் நஹ்ரின் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற குளிர்காலத்தில் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டால் சுவரைப் பார்ப்பாள். அவளுடைய தாய் கெஞ்சிப் பார்த்தாள், நான் கத்திப் பார்த்தேன், பள்ளியிலிருந்து வந்த ஆலோசகர் புன்னகைத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் அவளாகவே சீருடை அணிந்து கிளம்பினாள். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. ஹாலிஸ் சாலை மையத்தில் ஒரு விதி உண்டு. அன்று பகலில் பள்ளிக்குப் போனவர்களை மட்டுமே அன்று மாலை உள்ளே விடுவார்கள். மாலைக்காக அவள் பகலைப் பொறுத்துக்கொள்கிறாள். இதைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. சமோவா, தெற்கு சூடான், வியட்நாம், லெபனான் என்று எல்லா நாட்டுப் பையன்களும் கூடும் இடத்தில் என் மகளுக்கு என்ன வேலை என்று அவளைக் கையோடு அழைத்து வரப் போனேன்.

4. உள்ளே கூடைப்பந்து நடந்துகொண்டிருந்தது. நான் கதவைத் தள்ளி, மகளின் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டேன். பந்து நின்றது. அடுத்த நொடி, கதவை அடைத்துக்கொண்டு நிற்கக்கூடிய உடம்புள்ள பையன்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார்கள். பெண்களும் உட்கார்ந்தார்கள். வளையத்துக்குக் கீழே நின்றிருந்த டெங் என்கிற தெற்கு சூடானியப் பையன், ஆறரை அடி உயரம், காலை மடித்துத் தலை குனிந்துவிட்டான். நஹ்ரினும் அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊரில் பெரியவர் வந்தால் எழுந்து நிற்போம். நான் வகுப்பறைக்குள் நுழையும்போது நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆகவே இவர்கள் என்னைக் கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன். மையத்தை நடத்தும் சமோவப் பெண்மணி, திருமதி லாங்கி ஃபுயிமவோனோ, ஒரு நாற்காலியோடு வந்தார். "ஐயா, முதல்ல உக்காருங்க. பெரியவங்க நிக்கும்போது இதுங்க தலை உசந்து இருக்கக் கூடாது. நீங்க உக்காந்தாத்தான் இதுங்க எந்திரிக்க முடியும், ஆட்டம் பாதியில நிக்குது" என்றார். டெங் தலை நிமிராமலே, "சீக்கிரம் அங்கிள், ரெண்டு பாயின்ட்ல முன்னால இருக்கோம்" என்று முணுமுணுத்தான். பக்கத்திலிருந்தவன் அவனை முழங்கையால் இடித்தான். நான் உட்கார்ந்தேன். அவர்கள் எழுந்தார்கள். மதகைத் திறந்ததும் கால்வாயில் மட்டம் ஏறுவதுபோல, ஒரே சீராக, அவசரமில்லாமல். நான் நாற்காலியில் இருந்தபடி நிமிர்ந்து அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, நான் ஓர் அறைக்குள் நுழைந்ததற்காக எவரும் எதையும் நிறுத்தியதில்லை. மகளை அழைத்துப் போக வந்தவன் ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

5. இதை யார் கற்றுக்கொடுத்தது என்று திருமதி லாங்கியிடம் பிறகு கேட்டேன். "யாரும் குடுக்கல ஐயா. எங்க பிள்ளைங்க வீட்டுல பண்றத இங்கயும் பண்ணிச்சுங்க. மத்ததுங்க பாத்துச்சு. அவ்வளவுதான்" என்றார். அது ஒருவழிப் பாதையும் அல்ல. எதைக் கொடுத்தாலும் இரு கைகளாலும் கொடுப்பது வியட்நாம் பிள்ளைகளிடமிருந்து வந்தது. இப்போது சமோவப் பையன்கள் தண்ணீர்ப் புட்டியைக்கூட இரு கைகளால் நீட்டுகிறார்கள். நன்றி சொல்லும்போது மார்பில் கை வைப்பது எங்கள் அசிரிய இனப் பிள்ளைகள் கொண்டுபோனது. டெங் அதை மிகையாகச் செய்து, "மாரடைப்பு வந்தவன் மாதிரி பண்ணாதடா" என்று நஹ்ரினிடம் திட்டு வாங்குவதை நானே கேட்டிருக்கிறேன். வீட்டில் சுவரைப் பார்த்திருந்த பெண் அங்கே ஒரு பையனைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் கற்றவன், பல நாட்டுப் பொறியாளர்களோடு வேலை செய்தவன். வளர்ந்தவர்களாகிய எங்களால் ஒரு மேசையைச் சுற்றி உருவாக்க முடியாத ஒன்றை, இந்தப் பிள்ளைகள் ஒரு தகரக் கூரைக்கு அடியில், எவரும் சொல்லாமல், தாமாகவே செய்து வைத்திருக்கிறார்கள். என் வாழ்க்கையில் நான் பெரிய அணைகளைப் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்தபோது ஏற்பட்ட மலைப்பு அங்கெல்லாம் ஏற்படவில்லை.

6. இனி மார்ச் 30. அன்று நஹ்ரினை அழைத்துப் போக வந்து நாற்காலியில் காத்திருந்தேன். தங்கள் ஆய்வாளர் உள்ளே வந்தார். பிள்ளைகள் வழக்கம்போல உட்கார்ந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். நான் எங்கள் ஊர் வழக்கப்படி எழுந்து நின்றேன். "யார் இங்க பொறுப்பு?" என்று அவர் கேட்டார். பெரியவர் இருக்கும் இடத்தில் சிறியவர்கள் முந்திக்கொண்டு பேசமாட்டார்கள், முகத்துக்கு நேரே பார்க்கவும் மாட்டார்கள். திருமதி லாங்கி அடுப்பிலிருந்து தேங்காய்ப்பால் ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். தட்டை வைத்துவிட்டு நாற்காலியோடு ஓடி வந்தார். ஆய்வாளர், "வேணாம், நான் நிக்கிறேன். முதல்ல இவங்கள எந்திரிக்கச் சொல்லுங்க" என்றார். பிள்ளைகள் பாதி எழுந்தார்கள், அவர் இன்னும் நிற்பதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார்கள். "சார், நீங்க உக்காந்தா அவங்க எந்திரிச்சிடுவாங்க" என்றார் திருமதி லாங்கி. அறிக்கையில் நிபந்தனை என்று குறிப்பிடப்பட்டிருப்பது இந்த வாக்கியம். அவர் உட்காரும்வரை அவர்களால் எழ முடியவில்லை. அவர்கள் எழும்வரை அவருக்கு உட்கார தைரியம் வரவில்லை. இப்படியே சிறிது நேரம் போனது. கடைசியில் அவர் கையிலிருந்து நழுவிய பேனாவை ஒரு பெண் எடுத்து, தலை குனிந்தபடி, இரு கைகளாலும் நீட்டினாள். அவர் அதை வாங்காமலே வெளியே போனார்.

7. மறுநாளே திருமதி லாங்கி மன்னிப்புக் கேட்டுத் தங்களுக்கு எழுதினார். விருந்தாளி மனம் கலங்கிப் போனால், தவறு யாருடையது என்று பார்க்காமல் மன்னிப்புக் கேட்பது சமோவர்களின் வழக்கம். தங்கள் அலுவலகம் அதைக் குற்ற ஒப்புதலாகக் கோப்பில் சேர்த்து, மையத்தைப் பூட்டியது. மேல்முறையீடு செய்யலாமே என்று நான் சொன்னதற்கு, "வந்தவர் பயந்துட்டாரே ஐயா, அது எங்க தப்புதானே" என்கிறார். எனக்கு அப்படிப்பட்ட மனம் வாய்க்கவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

8. பூட்டிய பிறகு பிள்ளைகள் மாலையில் ரயில் நிலைய வாகன நிறுத்தத்தில் கூடுகிறார்கள். அங்கிருந்து காவலர்கள் விரட்டுகிறார்கள். அங்கே எந்தப் பெரியவர் வந்தாலும் எவரும் உட்காருவதில்லை. நஹ்ரின் அங்கேயும் போவதில்லை. புதிய பருவம் தொடங்கியதிலிருந்து பள்ளிக்கும் போகவில்லை. வருகைக் குறைவால் இந்த ஆண்டை இழக்க நேரும் என்று பள்ளியிலிருந்து எச்சரிக்கை வந்திருக்கிறது. கடந்த சனிக்கிழமை நான் அவள் அறை வாசலில் நின்று வழக்கம்போலக் கத்தத் தொடங்கினேன். பிறகு, ஏனென்று தெரியவில்லை, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கட்டிலில் இருந்தாள், நான் கீழே. நெடுநேரம் கழித்து, "எந்திரிங்க பாபா, அந்த முட்டிய வச்சுக்கிட்டுக் கீழ உக்காந்தா அப்புறம் யாரு தூக்கி விடுறது" என்றாள். நான் எழவில்லை. அவளும் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "அந்தக் கால்வாய்க்கு எத்தனை தடவ எழுதுனீங்க? எங்களுக்காக ஒண்ணு எழுதுங்க" என்றாள்.

9. ஆகவே, மையத்தை மூடிய உத்தரவை ரத்து செய்து, 23ஆம் தேதிக் கூட்டத்தில் அதன் குத்தகையைப் புதுப்பிக்குமாறு வேண்டுகிறேன். மறு ஆய்வு அவசியமென்றால் அதே அதிகாரியையே அனுப்புங்கள். அவர்மீது எனக்குப் புகார் இல்லை. உள்ளே நுழைந்ததும் உட்காரும்படி மட்டும் அவருக்குச் சொல்லி அனுப்புங்கள். மற்றதை அவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்.

10. தங்கள் பதில் எனக்கு எத்தனை மாதம் தாமதமானாலும் பழக்கம்தான். ஆனால் 24ஆம் தேதி புதன்கிழமை மாலை அந்தக் கதவு திறக்கும் என்று தெரிந்தால், அன்று காலை என் மகள் சீருடை அணிவாள். அப்படித்தான் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு காலைப் பொழுதைத்தான் தங்களிடம் கேட்கிறேன்.

இடம்: பெரின்டா
நாள்: 9 மே 2023

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஒடிஷோ கோஷாபா
நஹ்ரினின் தந்தை