புகை இல்லாத லொறி

என்னங்க,

லொறிக் கொம்பனியின் புதுவருடக் கலண்டர் ஒன்றை ஹட்டன் டவுன் கடைக்காரர் இன்று சாமானோடு சேர்த்துக் கொடுத்தார். படத்தில் சக்கரத்துக்குள் ஒரு பச்சை இலை முளைத்திருக்கிறது. இயற்கையைக் காப்பதில் தாங்கள்தான் முன்னணியாம், மூன்று மொழியிலும் போட்டிருக்கிறார்கள். வாசித்ததும் சுவரில் மாட்டாமல் சுருட்டி வைத்துவிட்டேன்.

அந்தக் கொம்பனியின் லொறி நம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். கொம்பனியிலிருந்து வந்த யாழ்ப்பாணத்து ஐயா புகைக்குழாயைத் தட்டிக் காட்டினார். "இதுக்குள்ள ஒரு பில்டர் இருக்கு. புகையைப் பிடிச்சு வச்சிடும். உங்கட காத்து இனிப் பழுதாகாது." அதை ஓட்டப்போகிற நீங்கள் சும்மா இருப்பீர்களா? கைக்குட்டையைக் குழாய் வாயில் பிடித்துப் பார்த்தீர்கள். வெள்ளையாகவே இருந்தது. அதைத் தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி ஆட்டிக்கொண்டு லயத்து வீட்டுக்கு ஓடி வந்தீர்கள். "பாத்தியா புள்ள, இனி பாப்பாவுக்கு இழுப்பு வராது." நம் வீடு ரோட்டு வளைவிலேயே இருந்தது. பழைய லொறி போகும்போதெல்லாம் புகை உள்ளே வந்து, நம் மகள் மூச்சுக்குத் தவிப்பாள்.

கொஞ்ச மாதம் நன்றாகத் தூங்கினாள். பிறகு லொறி மேட்டில் இழுக்காமல் நின்றது. இங்கே கிடைக்கிற டீசல் அழுக்கு, பில்டர் அடைத்துவிட்டது. அதே ஐயாதான் வந்தார். "இந்த டீசலுக்கு இது சரிவராது, கழட்டுங்கோ." வேறு பில்டர் போடச் சொல்லிக் கெஞ்சிய உங்கள்மேல் தோட்டத்தை நடத்துகிற துரை எரிந்து விழுந்தார். "லொறி நின்னு கொழுந்து வாடினா நீயா பொறுப்பு?" பில்டரை அறுத்து எறிந்தார்கள். புகை திரும்பி வந்தது, இழுப்பும் வந்தது.

மேட்டில் ஏறும்போது உங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இறங்கும்போது மட்டும், லயத்துக்கு மேலேயே எஞ்சினை நிறுத்திவிட்டுப் புகையும் சத்தமும் இல்லாமல் உருட்டிக்கொண்டு போவீர்கள்.

"எஞ்சின் ஓடாட்டி பிரேக்கு சரியா புடிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அட, கொஞ்ச தூரந்தானே!"

அந்த மழை நாளில் பிரேக் பிடிக்கவில்லை. லொறியோடு உங்களையும் பள்ளத்திலிருந்து எடுத்தார்கள்.

எஞ்சின் நிறுத்தியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். டீசலை மிச்சம் பிடித்து விற்றிருக்கிறார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. லொறியில் ஒரு குறையும் இல்லை என்று கொம்பனியும் கைகழுவிவிட்டது. இப்போது ஓட்டுகிறவர் இறக்கத்திலும் எஞ்சினை நிறுத்துவதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகள் இன்றும் பாதி இரவு உட்கார்ந்தேதான் தூங்குகிறாள். இது மாறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். "அம்மா, அப்பா டீசல் திருடுனாராமே. நெசமாம்மா?"

உண்மை என் வாய் வரைக்கும் வந்தது. உங்களைத் திருடன் என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். ஆனால், தன் மூச்சுக்காகத்தான் அப்பா செத்தார் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை எப்படி மூச்சு விடும்?

"ஆமா பாப்பா, நெசந்தான்" என்று சொல்லிவிட்டேன்.