ஐந்தரைக்கு மேலே

ஆக. 3, ஞாயிறு

காலையிலிருந்து மழை. ஏவன்டேல் சந்தை. கத்திரிக்காய், வெங்காயம், கொத்தமல்லி. ஒரு ஆளுக்கு ஒரு கட்டு அதிகம். பாதி எப்போதும் அழுகித்தான் போகிறது. இருந்தும் வாங்கினேன்.

மாலை, கணக்கு. நாளை காலை ஒரு பேஸ்பால் ஆட்டம், அமெரிக்காவில். பந்து வீசுபவன் எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்குவான், அதாவது மூன்று முறை பந்தைத் தவறவிட வைத்து வெளியேற்றுவான், ஐந்தரைக்கு மேலா கீழா என்று பந்தயம். கட்டுவது குகன், கிடங்கில் என்னோடு வேலை செய்பவர். நான் சல்லிக்காசு கட்டுவதில்லை, எண்கள் மட்டும். பார்த்தவை: அவனுடைய கடைசிப் பத்து ஆட்டம், எத்தனை பந்து வரை அவனை வீசவிடுகிறார்கள், எதிரணி எவ்வளவு எளிதில் ஏமாறுகிறது. எதிரணி படுமோசம். கண்ணை மூடிக்கொண்டு மேலே, ஆறாவது எடுப்பான்.

குகனுக்குச் செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் வந்தது. வார இறுதியில் மனிதரோடு பேசியது அவ்வளவுதான். சந்தையில் பை வேண்டாம் என்று சொன்னதைச் சேர்த்தால் இரண்டு.

ஆக. 4, திங்கள்

இருட்டில் ரயில், பிறகு பஸ். ஈஸ்ட் டாமாக்கி கிடங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் காலுறை நனைந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. கிடங்கில் ஒரு வருடமாக எனக்கும் குகனுக்கும் ஒரே மேசை. யாழ்ப்பாணத்துக்காரர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், மாஸி என்கிற புறநகரில் குடும்பத்தோடு வீடு. வந்து உட்கார்ந்ததும் கேட்பார். "இண்டைக்கு என்ன அண்ணை, மேலயா கீழயா?" இந்தக் கேள்விக்காகத்தான் நான் வேலைக்குப் போகிறேன் என்று எழுத வெட்கம். எழுதியாயிற்று.

போனைத் திறந்தால் எதிரணி வேறு. திங்கள் தேதி போட்டுத் தேடியிருக்கிறேன். அமெரிக்காவில் இன்னும் ஞாயிறு. இத்தனை வருடம் ஆக்லாந்தில் இருந்தும் இந்தப் புத்தி. ஆடிய அணி லேசில் ஏமாறாத அணி. மூன்றே ஸ்ட்ரைக் அவுட், ஆளை மாற்றிவிட்டார்கள். தப்பிவிட்டது என்று குகனிடம் சொன்னேன். அவருக்கு ஏதோ போன். எழுந்து போனவர் திரும்பவில்லை. சாப்பாட்டு டப்பாவை நான்தான் மூடி வைத்தேன்.

ஆக. 5, செவ்வாய்

கு. மேசைக்கு வரவில்லை. என் பிழை.

கணக்குத் தாளில் தேதிப் பத்தியை மாற்றினேன், இரண்டு ஊர் நாளும் தெரிகிற மாதிரி. பழைய கணிப்புகளையும் புரட்டினேன். சரியானவை தவறானவற்றைவிட அதிகம், கொஞ்சம்தான். இந்தக் கொஞ்சத்தை வைத்து ஒரு மனிதரை ஒரு வருடம் எதிரில் உட்கார வைத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டுச் செய்தி எழுதினேன். அழித்தேன்.

ஆக. 6, புதன்

இன்றும் இல்லை. அவர் நாற்காலியில் யாரோ ஜாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தனியாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது.

ஒரே ஒரு கணிப்பு தப்பியதற்கு இரண்டு நாள் கோபமா? இரண்டு ஆட்டத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று அவருக்கு ஓயாமல் சொன்னவன் நான்தான்.

கொத்தமல்லி மஞ்சளாகிவிட்டது.

ஆக. 7, வியாழன்

வெயில். கு. வந்தார், சவரம் செய்யாத முகம். உட்காருவதற்குள் மன்னிப்புக் கேட்டேன். தேதிக் குழப்பத்தை விளக்கினேன். அவர் விழித்தார்.

"பெட் கட்டுறதை நான் கிறிஸ்மஸோட விட்டிட்டன் அண்ணை."

அப்புறம் ஏன் தினமும் கேட்டீங்க என்றேன்.

"நீங்கள் வேற ஒண்டும் கதைக்கமாட்டியளே."

அவரே மீதியைச் சொன்னார். திங்களன்று வந்த போன் பள்ளிக்கூடத்திலிருந்து. மகளுக்கு வயிற்றுவலி. அப்பென்டிக்ஸ். அன்று இரவே ஆபரேஷன். இப்போது வீட்டில், நலம். கிடங்கில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வாழ்த்து அட்டை ஒன்று சுற்றி வந்து எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது நான் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லையாம்.

பிள்ளையைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். ஓம், சனிக்கிழமை வாங்கோ என்றார்.

வரும் வழியில் டெய்ரி என்கிற மூலைக்கடையில் ஒரு அட்டை வாங்கினேன். அந்தப் பந்து வீசுபவனுக்கு எந்த முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது என்று எனக்குத் தெரியும். இப்போது மேசையில் அட்டை. 'அன்புள்ள' வரை எழுதியிருக்கிறேன். பிள்ளையின் பெயர் தெரியாது.