“ஆயிடும் சார்” என்று சொன்ன அண்ணனுக்கு

பிரியமுள்ள ஞானராஜ் அண்ணா,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தினமும் தாம்பரத்தில் ஒன்றாக ரயிலேறி, குரோம்பேட்டையில் இறங்கி, ஒரே அறையில் வேலை பார்த்து, ஒரே ரயிலில் திரும்பியவர்களுக்கு நடுவில் கடிதத்துக்கு என்ன தேவை இருந்தது? இப்போது இதைப் பத்திரிகையில் போடுகிறார்கள். உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. எஸ்தர் அண்ணி நன்றாக இருக்கிறார் என்று எழுதினால் அது பொய். நடமாடுகிறார், சமைக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைச் சர்ச்சுக்கு அழைத்துப் போகிறார். சின்னவன் ஜெயசிங் படம் வரைய நீங்கள் கொண்டு வந்து கொடுத்த, துளை குத்தி வீணாய்ப்போன கம்ப்யூட்டர் கார்டுகளைக் கேட்கிறான். நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நம் ஆபீசில் வீணாய்ப்போன கார்டுக்கு எப்போதும் பஞ்சமில்லை.

ஆபீஸ் செய்தி இதுதான். நம் பம்புசெட் கம்பெனியில் கம்ப்யூட்டர் திட்டம் ஏன் தோற்றது என்று நடந்த விசாரணை முடிந்துவிட்டது. காரணம் ஒன்றே ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். அது நீங்கள். “காலஞ்சென்ற சீனியர் புரோகிராமர் தம் சக்திக்கு மீறி ஒப்புக்கொண்டதும், அவர் எழுதிய புரோகிராம்களில் இருந்த பிழைகளும்.” உங்களுக்கு அடுத்த நிலையில் இருந்தவள் என்பதால் அதன் கீழே நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் நம் மேனேஜர்.

“ப்ராக்டிகலா யோசிம்மா. போனவருக்கு இனிமே ப்ரமோஷனா வரப்போகுது? அவர் மேல போட்டா யாருக்கும் நஷ்டமில்ல. ஃபைலை மூடிட்டா அந்தம்மாவுக்கு ஒரு டைப்பிஸ்ட் வேலை போட்டுக் குடுத்துடலாம். நீ தகராறு பண்ணினா ஃபைல் மூடாது. ஃபைல் மூடலன்னா வேலையும் இல்ல.”

எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் தெரியுமா? காப்பி வேறு வரவழைத்தார்.

உங்கள் பெயரா, அண்ணியின் வேலையா? இந்தக் கேள்வியோடு நான் எத்தனை நாள் அந்த ரயிலில் போய் வந்திருப்பேன். பதிலைச் சொல்வதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களைத் திட்டவும் வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுக்காரன் பழசு என்று ஒதுக்கிய கம்ப்யூட்டரை நமக்கு வாடகைக்கு விட்டான். அந்த இயந்திரத்துக்காக ஏசி அறை கட்டினார்கள். பக்கத்துக் கட்டடத்தில் உருகிய இரும்போடு நிற்கிற ஆளுக்கு ஒரு மின்விசிறி கிடையாது. வந்த முதல் வாரமே நான் இதைச் சொன்னேன். “மெதுவா பேசு கலா” என்றீர்கள். அந்த எமர்ஜென்சி வருஷம் எல்லா ஆபீஸ் சுவரிலும் குறைவாகப் பேசச் சொல்லி ஒரு போர்டு தொங்கியது. நம் அறையிலும் தொங்கியது. நீங்கள் அதற்குப் பயந்தவர் இல்லை. யார் மனமும் நோகக் கூடாது என்பதுதான் உங்கள் நோய்.

நம்மிடம் கேட்ட வேலை சின்னதுதான். ஸ்டோர்ஸில் எந்த உதிரி பாகம் எத்தனை இருக்கிறது, எப்போது புதிதாக வாங்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அதோடு விட்டிருந்தால் முடித்திருப்போம். ஆனால் அக்கவுண்ட்ஸ்காரர் வந்தார், “ஒரு சின்ன விஷயம் ஞானம், விலையையும் சேர்த்துடேன்” என்றார். டெஸ்பாட்ச்காரர் வந்தார். பர்ச்சேஸ்காரர் வந்தார். எல்லோருக்கும் ஒரே பதில்தான். “செஞ்சுடலாம் சார்.”

சானட்டோரியம் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது நான் உங்களைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா?

“அக்கவுண்ட்ஸ்காரருக்கு ஏன்ணா சரின்னீங்க?”

“பாவம் கலா. மாசக் கடைசில அந்த ஆளு படற பாடு உனக்குத் தெரியாது.”

“டெஸ்பாட்ச்காரரு?”

“அவரும் பாவம்தான்.”

“அப்ப நாம?”

“நமக்கென்ன, ஏசி ரூம்” என்று சிரித்தீர்கள். பக்கத்தில் நின்றவரும் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே இறங்கி நடந்திருப்பேன்.

பிறகு தேதி வந்தது. ஆயுத பூஜையன்று திறப்பு விழா, பெரிய மனிதர் ஒருவர் வருகிறார். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று யாரும் கேட்டுத் தேதி வைக்கவில்லை. அவருக்கு என்றைக்கு ஒழிகிறது என்று கேட்டு வைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. கதவுக்கு வெளியே கார்டுப் பெட்டியோடு நின்றேன். போகும்போதே சொல்லி அனுப்பினேன்: “ஒரு ரெண்டு மாசம் தள்ளிப் போடச் சொல்லுங்கண்ணா.” உள்ளே உங்கள் குரல் கேட்டது. “ஆயிடும் சார்.”

அதற்கப்புறம் என்ன செய்தோம்? புரோகிராமைச் சோதித்துப் பார்க்க வேண்டிய நாட்களில் சரஸ்வதி படம் செய்தோம். விருந்தாளி முன்னால் பிரிண்டரிலிருந்து ஏதாவது அழகாக வர வேண்டும் என்று மேனேஜர் ஆசைப்பட்டார். வெறும் நட்சத்திரக் குறிகளை வரிவரியாக அடித்து ஒரு சரஸ்வதி. எத்தனை நுணுக்கமாகச் செய்தீர்கள். வீணையின் நரம்புகூடத் தெரிந்தது. “பாஸ்டர் கிட்ட சொல்லிடாதே கலா. வீணை மட்டும்தான் நான் போட்டேன், மீதிய மிஷின் போட்டுச்சுன்னு சொல்லிக்கறேன்.”

விழாவில் யாரோ பக்தியோடு முதல் கார்டில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட, கார்டு ரீடர் அதைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அப்போது மேனேஜர் முகம் போன போக்கு நினைவிருக்கிறதா? நீங்கள் ஓடிப்போய் எடுத்து, வேறு கார்டு குத்தி, போட்டீர்கள். சரஸ்வதி வந்தாள். கைத்தட்டல். “இதுதான் சார் எங்க ஸ்டோர்ஸ் சிஸ்டம்” என்று மேனேஜர் அந்தத் தாளை நீட்டினார். ஸ்டோர்ஸ் புரோகிராம் அதுவரை ஒரு தடவைகூட முழுசாக ஓடவில்லை. அந்த அறையில் அது நம் இருவருக்கும் தெரியும். மேனேஜருக்கும் தெரியும்.

மறுநாள் ஸ்டோர்ஸில் ஒவ்வொரு ரேக்கிலும் தொங்கிய கார்டுகளைக் கழற்றச் சொன்னார்கள். பொருள் உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் பென்சிலில் எழுதிவந்த அட்டைகள். கொஞ்ச நாள் இரண்டும் சேர்ந்து ஓடட்டும், ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்ப்போம் என்று நீங்களே கேட்டீர்கள். கேட்டதற்கு நன்றி அண்ணா. ஆனால் மேனேஜர், “ரெண்டும் ஓடினா நம்ம மேல நமக்கே நம்பிக்கை இல்லன்னு ஆகாதா?” என்றதும் “சரி சார்” என்று எழுந்து வந்துவிட்டீர்கள்.

பேரிங் நிறைய இருக்கிறது என்றது கம்ப்யூட்டர். ரேக் காலியாக இருந்தது. இருக்கிறதே என்று புதிதாக வாங்கவும் இல்லை. பம்பு பூட்டும் வேலை நின்றது. நின்றதும் யாரை வீட்டுக்கு அனுப்பினார்கள்? தேதி வைத்தவரையா? காண்ட்ராக்ட் ஆட்களை. காலையில் வந்தவர்களை கேட்டிலேயே திருப்பினார்கள். ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் டிபன் தூக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். “நம்ம கம்ப்யூட்டர் குடுத்த தாளாலயா கலா?” என்றீர்கள். நான் பதில் சொல்லவில்லை. அந்த வாரம்தான் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் திரும்பவில்லை. இந்த வேலைதான் உங்களைக் கொன்றது என்று எழுத மாட்டேன், டாக்டருக்கே நிச்சயமில்லாதது எனக்கெப்படித் தெரியும்? ஆனால் அந்தக் கேள்விக்கு நான் ஒரு பதில் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் போன பிறகு ஸ்டோர்ஸ் முனுசாமியிடம் போனேன். ரேக் ஏன் காலி என்று அவர்தான் சொன்னார். அவசரமென்றால் சூப்பர்வைசர்கள் சீட்டு இல்லாமல் கைமாற்றாகப் பொருளை வாங்கிப் போவார்களாம். சீட்டு பிறகு வரும், சில சமயம் வராது. தொழிற்சாலை பாதி ஓடுவதே அந்தக் கைமாற்றில்தான். ரேக் கார்டில் அதைப் பென்சிலில் ஒரு புள்ளியாக வைத்துக்கொள்வார்கள். நம் புரோகிராமுக்குச் சீட்டு மட்டும்தான் தெரியும்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“சொன்னா? கைமாத்து குடுத்தது எவன்டான்னு கேப்பான். மெமோ எனுக்கு, மால உங்குளுக்கா?”

“அண்ணன்கிட்ட மட்டுமாவது.”

“அவுரு எங்கம்மா கேட்டாரு? வந்தாரு, டீ வாங்கிக் குடுத்தாரு, ‘எல்லாம் ரூல்படிதானே முனுசாமி’ன்னாரு. ஆமா சார்ன்னேன். அவுரு மேல இருக்கறவனுக்கு ஆமான்னாரு, நான் அவுருக்கு ஆமான்னேன். இதுல இன்னா பெருசா வித்தியாசம்?”

“நல்ல மனுஷன்ப்பா அவர்.”

“ஆரு இல்லன்னா? நல்ல மன்சன்தான். ஆனா எங்காளுங்க வூட்ல குந்திகினு கீறாங்களே. உங்க மிஷினு எங்க வேலைய துன்னுடும்னு சங்கத்துல பயந்தோம். அது ஒயுங்கா துன்னக்கூட இல்ல, துப்பிடுச்சு.”

என்னால் அவரிடம் கோபப்பட முடியவில்லை.

இனி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டம் புரோகிராமில் இருந்த பிழையால் தோற்கவில்லை. பிழை எல்லாப் புரோகிராமிலும் இருக்கும், தேடினால் கிடைக்கும், திருத்தலாம். இது தோற்றது, கீழே இருப்பவன் மேலே இருப்பவனிடம் உண்மை சொன்னால் தண்டனை என்று ஆக்கி வைத்திருக்கிற ஒரு இடத்தில், உண்மையை மட்டுமே தின்று வாழ்கிற ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்ததால். ரேக்கில் கைவிட்டுப் பொருளை எடுக்கிறவன் உட்காராத கூட்டத்தில், அவனுக்குப் புரியாத இங்கிலீஷில், அவன் வேலையை வரைந்தோம். முனுசாமிக்கு ஒரு நாற்காலியும் மெமோ வராது என்ற உத்தரவாதமும் கொடுத்திருந்தால் போதும். பேரிங்குக்கு மட்டும் முதலில் செய்து பார்த்திருந்தால் போதும். கேட்ட ஒவ்வொரு “சின்ன விஷய”த்துக்கும், “இதைச் சேர்த்தால் எதை விடுவது?” என்று திருப்பிக் கேட்டிருந்தால், பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். இதில் எதற்கும் வெளிநாட்டுப் படிப்பு வேண்டாம்.

உங்கள் தவறு இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்களுடைய “ஆயிடும் சார்” இல்லாமல் அந்தத் தேதி நிலைத்திருக்காது. ஆனால் அந்த வார்த்தையைத் தவிர வேறு எதையும் கேட்கத் தயாராக இல்லாதவர்கள், இப்போது அதையே உங்கள் குற்றம் என்று எழுதுகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேற்குத் தாம்பரத்துக்குப் போனேன். அண்ணி பிள்ளைகளின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அது அவருடைய பிழைப்பு, நான் தனியாக முடிவெடுக்க எனக்கு என்ன உரிமை?

“வேலை வேணும் கலா. வேண்டாம்னு சொல்ற நெலமையில நான் இல்ல” என்றார்.

“அப்ப கையெழுத்துப் போட்டுடறேன் அண்ணி.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “இந்த இடத்துல அவர் இருந்தா என்ன சொல்லியிருப்பார்?”

“சரி சார்னு சொல்லியிருப்பார்.”

எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்து முடித்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

“கல்யாணமான நாளா நான் அதைத்தான் கேட்டுட்டிருந்தேன். ஊருக்கெல்லாம் சரி. வீட்டுக்கு வந்து சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவார். அந்தப் பொய்த்தாள் இருக்கற பீரோ பக்கத்துலயே உக்கார்ந்து என்னால டைப் அடிக்க முடியாது. நீ போடாதே. வேற வழி நான் பார்த்துக்கறேன்.”

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனேன். “என்னம்மா, யோசிச்சியா?” என்றார்.

“யோசிச்சுட்டேன் சார். முடியாது.”

அவருக்கு முதலில் புரியவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது. நடந்ததை, உங்கள் தவறு உட்பட, தனியாக எழுதிக் கொடுத்தேன். இப்போது நான் புரோகிராம் எழுதுவதில்லை. பிறர் குத்திய கார்டுகளைச் சரிபார்க்கிற வேலை. அண்ணியின் விண்ணப்பம் “பரிசீலனையில்” இருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அண்ணி இப்போது டைப் சொல்லித்தருகிறார். அந்தச் சம்பளம் போதாது. திருப்பி அனுப்பிய ஆட்களில் சிலரைத்தான் மறுபடி எடுத்திருக்கிறார்கள்.

ஆக, நான் எதையும் ஜெயிக்கவில்லை அண்ணா. உண்மை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களிடம் ரயிலில் வாதாடியவள்தான் நான். ஆகவில்லை.

திட்டத்தை மறுபடி தொடங்கப் போகிறார்களாம். பம்பாயிலிருந்து ஒரு நிபுணர் வந்திருக்கிறார். போன வாரம் எங்கள் அறைக்கு வந்து, இருந்த ஒவ்வொருவரிடமும் “பொங்கலுக்குள் ஆகுமா?” என்று கேட்டார். எல்லோரும் ஆகும் என்றார்கள். என் முறை வந்தபோது, ஸ்டோர்ஸ்காரர்களைக் கேட்காமல் எனக்குத் தெரியாது என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். எதற்கென்று தெரியவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஆகும் என்று எனக்கே நம்பிக்கை வராத எதையும் இனி ஆகும் என்று சொல்ல மாட்டேன், பக்கத்தில் இருக்கிறவரைச் சொல்லவும் விடமாட்டேன். அதற்காக ஒருநாள் கேட்டுக்கு வெளியே யாராவது நிற்க வேண்டி வந்தால், அது நானாகத்தான் இருக்கும். அந்த டிபன் தூக்குக்காரர்களாக இருக்க விடமாட்டேன்.

உங்களோடு பிறக்காமல், உங்களோடு சண்டை போட்டே தங்கையான,
கலா