அலமேலு கறுப்பாக்கித் தந்த மடக்குக் கத்தி

என் அலமேலுவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. உன் மிளகுக்கொடிகள் நன்றாக இருக்கின்றன, உன் வீட்டுக்காரர் தினமும் போய்ப் பார்க்கிறார். நான் அதே நர்ஸ் குவார்ட்டர்ஸில், உன் வேலிக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன். நேரில் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

நான் இந்த மலைக்கு வந்த முதல் வாரம், நீ ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து வைத்து, மடியிலிருந்து கத்தியை எடுத்து விரித்தாய். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். நீ பழத்தை வெளியே தூக்கிப்போய் அறுத்து, சுளையை மட்டும் தட்டில் வைத்து நீட்டினாய்.

மூன்று மாதம் கழித்து நானே சொன்னேன். ஊரில் ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில், ஒருத்தன் என் கழுத்தில் கத்தியை வைத்துச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனதை. அவன் முகம் நினைவில் இல்லை. அந்தக் கத்தியின் பளபளப்புதான் போகமாட்டேன் என்கிறது. தையல் பிரிக்கும் பிளேடை எடுத்தால்கூட விரல் நடுங்கும். ஒரு நர்ஸ் இதை யாரிடம் போய்ச் சொல்வாள்? வேலையை விடுவதாகக் கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன்.

"பளபளப்புத்தானுங்க சிஸ்டர் பயம்? அத மாத்திப்போடலாம்" என்றாய். சட்டைக்குப் பட்டன் மாற்றுவதுபோல.

உன்னிடம் நாலு மடக்குக் கத்திகள் இருந்தன. பொம்பளைக்கு எதுக்கு இத்தனை என்று கேட்டவர்களுக்கெல்லாம் "எனக்குப் புடிக்குதுங்க" என்பதுதான் உன் பதில். அடுத்த ஞாயிறு என்னைச் சேந்தமங்கலத்துக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாய்.

கத்திக் கடையில் ஒவ்வொன்றையும் மடக்கியபடியே என் உள்ளங்கையில் வைத்தாய். "கண்ண மூடிக்கங்க. கைக்கு ஒத்து வருதான்னு மட்டும் பாருங்க." பிடித்ததை நீயே விரித்து, அலகு ஆடுகிறதா, பூட்டு நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்தாய். கடைக்காரர் வேறொன்றை எடுத்து, "இது துருவே புடிக்காதுங்க" என்றார்.

"துருப் புடிக்காததுல நெறமும் ஏறாதுங்க. துருப் புடிக்கிறதே குடுங்க."

அவர் உன்னைப் பார்த்த பார்வையை நினைத்து பஸ்ஸில் நாம் எவ்வளவு சிரித்தோம்!

என் சமையலறையில்தான் வேலை நடந்தது. சோப்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தாய். அப்புறம் என் நெயில் பாலிஷைக் கேட்டு, அலகின் அடியில் ஒரு மிளகு இலை வரைந்தாய். கண்ணாடி டம்ளரில் வினிகரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி அலகை மூழ்கவைத்தாய். பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. எடுத்துத் துடைத்து, மறுபடி முக்கி, மூன்றாவது தடவை அலகு மழைமேகம் மாதிரி கறுத்துவிட்டது. ஆப்ப சோடாத் தண்ணீரில் அலசி, காயவைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாய். பாலிஷைச் சுரண்டியதும் அந்த இலை மட்டும் வெள்ளையாக மின்னியது.

"இதை மட்டும் ஏன் விட்டே?" என்றேன்.

"அம்புட்டுக்காணும் மினுக்கட்டுமுங்க சிஸ்டர். மொதல்ல அதப் பாத்துப் பழகுங்க."

பழகினேன், அலமேலு. கொய்யா, பீன்ஸ், சாக்குக் கயிறு என்று தினம் எதையாவது அறுத்தேன். ஒரு நாள் ஒருவருக்குத் தையல் பிரித்து முடித்த பிறகுதான் கை நடுங்கவே இல்லை என்பது உறைத்தது. உன்னிடம் சொல்ல ஓடிவந்தேன். நீ ஏணிமேல் மிளகு பறித்துக்கொண்டிருந்தாய். இறங்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று திரும்பிவிட்டேன். மறுநாள் உனக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸில் உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். மலை இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. நான் சொல்ல வந்தது உனக்குத் தெரிந்திருக்குமா?

அந்த ராஜினாமாக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். போன வாரம் நம் மலையிலேயே தேவனூர் நாட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு வழியிலேயே பிரசவம். பிரசவப் பையிலிருந்த புது பிளேடால் நான்தான் தொப்புள்கொடி அறுத்தேன். பெண் குழந்தை. நல்ல குரல்.

உன்னிடமும் மறைத்த ஒன்று உண்டு. சங்கிலி பறிபோன தெருவில் அதற்குப் பிறகு நான் கால் வைத்ததே இல்லை. ஊருக்குப் போனால் ஒரு மைல் சுற்றித்தான் அம்மா வீட்டுக்குப் போவேன். வருகிற ஞாயிறு ஊருக்குப் போகிறேன். இந்த முறை பஸ்ஸை விட்டு இறங்கி அந்தத் தெரு வழியாகவே நடந்து போவேன், அலமேலு. பகலில், நிதானமாக.

உன் கூடப்பிறக்காத அக்கா,
ஸ்டெல்லா