சூடா, பச்சைத்தண்ணியா

ஜூலை 2, புதன்

விடிந்ததிலிருந்து சாரல். துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. வீடு பூரா ஈர வாடை.

பாத்ரூமில் சூடும் பச்சையும் திறக்கிற டைவர்ட்டரில் சுடுதண்ணித் திருகு இன்று முழுதாக வழுக்கிவிட்டது. தொட்டிக்குழாயும் மூடிய பிறகு ஒழுகுகிறது, அடியில் துரு. ஒரு மாதத்துக்கு மேலாகவே சுடுதண்ணியைத் திறந்தால் உள்ளே கீச்சென்று ஒரு சத்தம். "ஏன் மதினி, பூனைய மிதிச்சிட்டியளா?" என்று அடுத்த வீட்டுப் பாத்திமா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள்.

இந்தக் குளியல் தொட்டி என் வீட்டுக்காரர், மச்சான், ஆசைப்பட்டு வைத்தது. துபாய் ஓட்டலில் காலமெல்லாம் அடுத்தவன் குளித்த தொட்டியைக் கழுவிய மனிதர், தன் வீட்டிலும் ஒன்று வேண்டும் என்று பிடிவாதம். வடகரை ஊரே சிரித்தது. லீவில் வந்தால் அருவிக்குத்தான் ஓடுவார். தொட்டியில் நான் தேங்காய் போட்டு வைத்திருந்தேன். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகுதான் அதற்கு வேலை வந்தது. கண்ணை மூடிக் கையைக் குழாய்க்கடியில் நீட்டுவார். நான் மாற்றி மாற்றித் திறப்பேன். சூடா, பச்சைத்தண்ணியா என்று அவர் சொல்ல வேண்டும். பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சி.

ஒரு மாதமாக ஒன்று தப்பாமல் சொல்கிறார். உணர்ச்சி வந்தால் அசைவும் வந்துவிடும் என்றார் பிசியோ. அன்று அழுதுவிட்டேன். பள்ளிவாசலில் நேர்ச்சை கொடுத்தேன். ஊரெல்லாம் சொன்னேன்.

இலஞ்சியில் இருக்கிற பிளம்பருக்கு போன். "சீசன்லாக்கா. குத்தாலத்துல லாட்ஜ் பூரா நம்மளத்தான் கூப்பிடுதான். நாளைக்கி வந்துருதேன்."

ஜூலை 3, வியாழன்

வரவில்லை. போனை எடுக்கவும் இல்லை.

இரண்டு வாளியில் தண்ணீர் வைத்துப் பயிற்சி செய்வோம் என்றேன். "கொழாய் சரியாவட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீம்பு. பாதி உடம்பு போனாலும் வீம்பு மட்டும் போகாது.

சென்னையிலிருந்து மகள் ஷமீமா: "உம்மா, அடுத்த சனிக்கிழம வாரேன். வாப்பா சொல்லுதத நான் கண்ணால பாக்கணும். கை தேறல்லன்னா மறைக்காதிய. வேலைய விட்டுட்டு அங்கனயே வந்துருதேன்."

எத்தனை பேரிடம் சண்டை போட்டுக் கிடைத்த வேலை அது. கை தேறிவிட்டது, நீ உன் வேலையைப் பார் என்றேன்.

ஜூலை 5, சனி

பிளம்பர் பகலில் வந்தார். சுவரை உடைத்து டைல்ஸ் இரண்டு போயிற்று. பழைய டைவர்ட்டர் கழன்று வரும்போதே துண்டாகிவிட்டது. புதியதில் ஒற்றைக் கைப்பிடிதான். இடது பக்கம் சூடு, வலது பக்கம் பச்சை. தொட்டிக்குழாயும் புதிது.

"தெறந்தது தெரியாதுக்கா. கீச்சு கூச்சுன்னு ஒண்ணும் இருக்காது."

சிமெண்ட் காய வேண்டுமாம். நாளைக்குத்தான் திறக்கலாம். வாங்க வேண்டியது: சோப்பு, மாத்திரை, மிதியடி.

ஜூலை 6, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை.

நாற்காலியில் உட்கார வைத்துக் கையை நீட்டச் சொன்னேன். கைப்பிடியை இடது பக்கம் திருப்பினேன். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். பிறகு, "பச்சத்தண்ணி."

ஆவி வந்துகொண்டிருந்தது. பிளம்பர் பைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டே என் கையை நீட்டினேன். சுட்டுவிட்டது. அவருடைய புறங்கை சிவந்து கிடந்தது. அவர் கண்ணை மூடி, சரியாகச் சொன்னேனா என்று கேட்பது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

வலது பக்கம் திருப்பினேன். "சூடு" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. பழைய குழாயில் சுடுதண்ணிக்குத்தான் அந்தக் கீச்சுச் சத்தம். பச்சைத்தண்ணிக்குக் கிடையாது. ஒரு மாதமும் அவர் காதால்தான் சொல்லியிருக்கிறார். கையில் ஒன்றுமே வரவில்லை.

மருந்து தடவினேன். அதுவும் தெரியவில்லை அவருக்கு.

ஜூலை 7, திங்கள்

சோறு ஆக்கவில்லை. கடையில் இட்லி.

ஏன் மச்சான் இப்படி என்று கேட்டேன், கத்தித்தான் கேட்டேன்.

"மொத நாளு தெரியாமத்தான் சொன்னேன். ஒடனே நீ அழுத, சிரிச்ச. பொறவு எப்டிட்டி இல்லன்னு சொல்ல?"

எனக்கு எல்லாம் வெறுத்துவிட்டது. அந்தக் கை இனி வராது. யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுவதோடு சரி.

ஜூலை 9, புதன்

சாரல் இல்லை. வெயில். பாத்திமா வந்து, "புதுக் கொழா போட்டாச்சுன்னாங்க. அண்ணனுக்குக் கை இன்னும் தெளிஞ்சிருக்குமே?" ஆமாம் என்றேன்.

ஷமீமா டிக்கெட் போட்டுவிட்டாளாம்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போகவில்லை அவர். நாளைக்கு மகள் வருகிறாள்.

சாப்பிட்ட பிறகு அவரே கூப்பிட்டார். "ஏட்டி, நீ எனக்குப் பின்னாலதான நிக்க? சூடுன்னா நாற்காலிய முட்டியால லேசா இடி. பச்சன்னா சும்மா நில்லு. அவ வேலைய விட்டுட்டு இங்கன வந்து என்னக் கழுவிக்கிட்டுக் கெடக்க வேண்டாம்."

சூடு அதிகம் வராதபடி கீசரைக் குறைத்து வைத்தேன். அவர் கண்ணை மூடினார். இடித்தேன். நின்றேன். மறுபடி இடித்தேன்.

ஒன்றுகூடத் தப்பவில்லை.